இரண்டாள் மிஷின்

வெள்ளிக்கிழமை பகல் தொழுகை முடிந்து சதுரங்கப்பட்டினம் பள்ளிவாசலில் இருந்து ஆண்கள் கலைந்து போகிற வேளையில், வாயலூர் போகும் பாதையில் சவுக்குத் தோப்பை ஒட்டித் தனியாக நிற்கும் ஓட்டு வீட்டில் பதருன்னிசா பின்பக்கத்து அறையைத் திறப்பாள். தகரக் கூரை போட்ட சின்ன அறை. உள்ளே பலகைமேல் ஜெனரேட்டர் இருந்தது. அதன் மேல் பழைய தார்ப்பாய், அதற்கும் மேல் ஒரு கோணிச் சாக்கு. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிற ஊர்.

அந்த மிஷினை வாங்கியவன் அவள் புருஷன் நூர்முகமது. குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றும் வாங்கினான். அலமாரி மாதிரி உயரமாக, உள்ளே தட்டுத் தட்டாக, நானூறு முட்டை பிடிக்கும். கரண்ட்டில் சூடாகும். சுற்று வட்டாரத்தில் அப்போதுதான் வெள்ளைக்கோழி வளர்ப்பது பரவத் தொடங்கியிருந்தது. குஞ்சு கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள், கரண்ட்தான் இல்லை. எழுபதுகளின் நடுவில் அது வருவதும் போவதும் யார் கையிலும் இல்லாத காரியமாக இருந்தது. அரை நாள் நின்றால் முட்டைக்குள் உயிர் நின்றுவிடும். அதற்காகத்தான் அந்த ஜெனரேட்டர். பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்கிற வகை.

இரண்டு வருஷத்துக்கு முன் நூர்முகமது துபாய் போனான். அங்கே வேலையாட்கள் தங்கும் கேம்ப் ஒன்றில் பெரிய ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போவதற்கு முன் ஒரு வாரம் அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தான். எண்ணெய்க் குச்சியைத் துடைத்து அளவு பார்ப்பது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பது. வடிகட்டியை மண்ணெண்ணெயில் அலசிப் பிழிவது. நிறுத்துவதற்கு முன் மறக்காமல் பெட்ரோலுக்கு மாற்றுவது, மண்ணெண்ணெய் உள்ளே தங்கினால் அடுத்த முறை கிளம்பாது. வேலை இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒரு தடவை பல்பைப் போட்டு அரை மணி ஓட்டுவது. புகையை ஒருபோதும் வீட்டுக்குள் விடாமல் இருப்பது.

பஸ் ஏறும்போது கடைசியாகச் சொன்னான்: "யாரு கேட்டாலும் கை மாத்திடாத பதரு. கை மாறினா மிஷினு போச்சு."

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்னொரு தடவை நாடகக்காரர்களுக்கு இரவல் கொடுத்து, அது எண்ணெய் இல்லாமல் ஓடி, வெந்து திரும்பி வந்தது. அதைப் பிரித்துச் சரிசெய்து முடிக்கும்வரை அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பதருன்னிசா அந்த வார்த்தையைத் தாயத்து மாதிரிக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லாத வீடு. காலையில் முட்டைகளைத் திருப்பி வைப்பாள், தண்ணீர்த் தட்டை நிரப்புவாள், சூடு காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பாள். மத்தியானம் ஒரு கை சோறு பொங்கி, முந்தின நாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்வாள். சாயங்காலம் சவுக்குத் தோப்பு இரைகிற சத்தமும் கடல் இரைகிற சத்தமும் ஒன்றாகி, எது எது என்று தெரியாமல் போகும். வெள்ளிக்கிழமை அந்த அரை மணி நேரம் மட்டும் வீட்டில் வேறொரு சத்தம் இருக்கும். அணைத்தபிறகு எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்துக்கொண்டே அதனோடு பேசவும் செய்வாள். "இன்னா, இன்னிக்கு இருமற?" என்பாள். கேட்க ஆள் இல்லை.

முன்பு ஆள் இருந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டுக்கொல்லையில் குடியிருக்கும் வேண்டா. முனிசாமியின் பெண்சாதி, பதருவைவிடப் பத்து வயது மூத்தவள். நாலாவது பெண்ணாகப் பிறந்ததால் வீட்டில் வைத்த பெயர் அது. பதரு கல்யாணமாகி வந்த நாளில் இருந்து, ஒருத்தி கொல்லையில் கீரை பறித்தால் மற்றவள் அடுப்பில் பாதி வேகும். நோன்புக் கஞ்சி அங்கே போகும், பொங்கல் கரும்பு இங்கே வரும்.

போன வருஷம் வைகாசியில் வேண்டாவின் மகள் லதாவுக்குக் கல்யாணம் கூடியது. வேண்டா வந்து படியில் உட்கார்ந்தாள்.

"பதரு, ரெண்டு நாளு மிஷினக் குடுமே. பொழுது சாஞ்சா கரண்ட்டு தங்கறதே இல்ல. மாப்பிள்ள வூட்டுக்காரங்க மதுராந்தகத்துலேர்ந்து வராங்க. இருட்டுல குந்த வச்சா நல்லாவா கீது?"

"அவரு சொல்லிட்டுப் போயிருக்காருக்கா. கை மாத்தாதேன்னு."

"நான் இன்னா வேத்துக் கையா? சரி, நானு தொடல. நீயே வந்து ஓட்டு."

"அத்தினி ஆம்பளைங்க நடுவுல நானு எப்டிக்கா வந்து கயிறு இழுக்கறது?"

"பொட்டியில இப்ப முட்டகூட இல்லியே பதரு. மிஷினு சும்மாதானே கெடக்குது?"

"கோச்சுக்காதக்கா," என்றாள் பதரு. வேண்டா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் பதருவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

பெண்ணழைப்பு அன்று கரண்ட் நின்றது. வாடகைக்கு எடுத்திருந்த பெட்ரோமாக்ஸில் ஒன்று மேண்டில் உதிர்ந்து அணைந்தது, இன்னொன்று புகைந்தது. மாப்பிள்ளையின் மாமன் "பொண்ணு மூஞ்சியக் காட்ட மனசு இல்லியா?" என்று சபையில் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வயலைத் தாண்டிப் பதருவின் வீட்டுக்கும் கேட்டது. தன் வாசலில் நின்று அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளில் இருந்து வேண்டா அந்தப் பக்கம் வரவில்லை. குழாயடியில் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகை பிறந்து மழை விடாமல் பிடித்தது. வேதகிரி மலை பக்கம் இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோதே இது வழக்கமான மழை இல்லை என்று பதருவுக்குத் தெரிந்தது. மத்தியானம் காற்று திரும்பியது. சவுக்கு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. பாதையோரத்து மின்கம்பம் முறிந்து, கம்பி சேற்றில் விழுந்தது. பல்பு அணைந்தது.

பெட்டி நிறைய முட்டை. பொரிக்கிற நாள் நெருங்கிவிட்டது. அவள் பதறவில்லை. அறையைத் திறந்தாள், எண்ணெய் பார்த்தாள், கயிற்றைச் சுற்றி இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் மிஷின் பிடித்துக்கொண்டது. சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினாள். பெட்டிக்குள் சூடு ஏறியது. "என் ராசா," என்றாள்.

அன்று முழுக்க அது ஓடியது. நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு, எண்ணெய் ஊற்றி, மறுபடி கிளப்பினாள். நிறுத்துகிற நேரத்தில் பெட்டியைச் சுற்றி ஜமுக்காளம், மெத்தை, வீட்டில் இருந்த சேலை எல்லாவற்றையும் போர்த்தினாள். மறுநாள் விடிந்தபோது ஏரி நிரம்பி வழிந்து வயலெல்லாம் ஒரே தண்ணீராக இருந்தது. வரப்பு தெரியவில்லை. வீட்டுத் தரை உயரம். பின்பக்கத்து அறைதான் பள்ளம். வாசலில் மண்ணைக் குவித்துத் தடுத்துப் பார்த்தாள். தண்ணீர் சுவரின் அடியில் ஊறி வந்தது. பலகை நனைந்தது.

மிஷினை மேலே ஏற்றியாக வேண்டும். அதற்கு அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினாள்.

அதற்கு இரண்டு கைப்பிடி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் விற்றவன் சொன்னான். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது அவள் ஒரு பக்கத்தைத் தூக்கிச் செங்கல் சொருகினாள். சுற்றிப் போய் மறுபக்கத்தைத் தூக்கிச் சொருகினாள். மறுபடி இந்தப் பக்கம். மூன்றாவது வரிசைச் செங்கலில் இடுப்பில் ஏதோ பிடித்து இழுத்தது. செங்கல் வழுக்கி, மிஷின் சாய்ந்து சுவரில் முட்டி நின்றது. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அவள் அதைத் தோளால் தாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. கூப்பிடுவதற்கு யார் பெயரும் வாயில் வரவில்லை.

சாய்ந்த பக்கம் அம்மிக்கல்லை உருட்டி முட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குள் பெட்டியிடம் போய்க் கதவைத் திறக்காமல் காதை வைத்தாள். உள்ளே லேசாக, நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன.

பதரு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.

தண்ணீர் தொடைவரை இருந்தது. கால் எங்கே வரப்பு, எங்கே பள்ளம் என்று தேடித் தேடிப் போயிற்று. மேட்டுக்கொல்லையில் வேண்டாவின் கூரை ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நாந்தான்க்கா. பதரு."

உள்ளே மாடு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மாட்டையும் உள்ளே கட்டியிருந்தாள் போல. "இன்னா?" என்றாள் வேண்டா. கதவு திறக்கவில்லை.

"முனிசாமிண்ணன் கீறாராக்கா?"

"பாலாத்துக்கு அந்தாண்ட தங்கச்சி வூட்டுக்குப் போனவரு அங்கியே மாட்டிகினாரு. இன்னா வோணும்?"

"ரூமுக்குள்ள தண்ணி பூந்துட்ச்சுக்கா. மிஷினத் தூக்கணும். ஒண்டியா முடியல."

"உன் மிஷினு. நீயே தூக்கு."

"பாத்துட்டேன்க்கா. முடியல."

"எங்க வூட்டுக் கை பட்டா கெட்டுப்பூடுமே அது. துபாய்க்காரருக்கு இன்னா பதிலு சொல்லுவ?"

பதரு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மழை முதுகில் கல் மாதிரி விழுந்தது. "நீ சொல்றதெல்லாம் சரிதான்க்கா. நானு குடுத்திருக்கணும். இப்பக் குஞ்சுங்கோ உள்ள கொத்த ஆரம்பிச்சுட்ச்சுங்கோ. காத வச்சா கேக்குது. வெளிய வர்ற நேரத்துல..."

கதவு திறந்தது. வேண்டா தலையில் சாக்கைக் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். "நிறுத்தி எம்மா நேரம் ஆச்சு?"

"ஒரு மணி இருக்கும்."

"பாழாப்போனவளே, அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? நட."

வழியில் பள்ளமான ஒரு இடத்தில் பதரு தடுமாறியபோது வேண்டா அவள் முழங்கையைப் பிடித்தாள். கரையேறியதும் விட்டுவிட்டாள்.

வீட்டின் பக்கவாட்டில், கூரைத் தாழ்வாரத்துக்கு அடியில் துணி துவைக்கிற கல்மேடை இருந்தது. அங்கே வைத்தால் தண்ணீர் எட்டாது, புகையும் வெளியே போய்விடும் என்று பதரு சொன்னாள். ஒரு கைப்பிடியை இவள், மறு கைப்பிடியை அவள் பிடித்தாள்.

"உம், தூக்கு," என்றாள் வேண்டா. "பொணங் கனம் கனக்குதே. இதக் கட்டிகினா இத்தினி நாளு அயுத?"

நாலு எட்டுக்கு ஒரு தடவை சுவரில் சாய்த்து மூச்சு வாங்கினார்கள். மேடையில் ஏற்றியபோது வேண்டாவின் விரல் நசுங்கி ரத்தம் வந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அப்பால?" என்றாள்.

கயிற்றை இழுத்தால் மிஷின் செருமியது, பிடிக்கவில்லை. பதரு பிளக்கைக் கழற்றி அடுப்புத் தணலில் காட்டி ஈரம் போக்கினாள். மாட்டி இழுத்தாள். பிடிக்கவில்லை. இடுப்புப் பிடிப்பில் அவள் கை பாதியிலேயே நின்றது. வேண்டா அவளை ஒதுக்கிவிட்டுக் கயிற்றை வாங்கினாள்.

"எப்டி இழுக்கறது?"

"மெதுவா கயிறு இறுகற வரைக்கும் இழுத்து, அப்பறம் ஒரே வெட்டு."

வேண்டா இழுத்தாள். மறுபடி இழுத்தாள். ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு கெட்டவார்த்தை ஒன்றைச் சொல்லி, கல்மேடையில் காலை ஊன்றி இழுத்தாள். மிஷின் ஒரு தடவை வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. பதரு மேலே தார்ப்பாயைக் கட்டினாள், மழை தெறிக்காமல், காற்றும் அடைபடாமல். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

வேண்டா சமையலறைக்குள் போனாள். ஒரு வருஷத்துக்கு மேல் வராத வீட்டில் உப்பு எங்கே, அரிசி எங்கே என்று கேட்காமலே எடுத்துக் கஞ்சி வைத்தாள். அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒத்த ஆளு துன்ற வூடு மாரிதான் கீது," என்றாள்.

பொழுது மங்குவதற்குள் குஞ்சுகள் வரத் தொடங்கின. ஈரமாக, தலை நிற்காமல், ஓட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தன. முழுசாக வரமுடியாமல் பாதியில் நின்றவையும் இருந்தன. அவற்றைப் பதரு எடுத்துத் தனியே வைத்தாள். நிறைய இருந்தன. ஆனாலும் காய்ந்த பஞ்சு மாதிரி ஆனவை அதைவிட நிறைய இருந்தன. மரப்பெட்டியில் உமி பரப்பி, பல்பைத் தொங்கவிட்டு, இருவரும் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். வெளியே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தம் எங்க வூட்டாண்ட நல்லாக் கேக்கும்," என்றாள் வேண்டா.

"தொந்தரவா இருந்துச்சாக்கா?"

"வெள்ளிக்கெயம ஆனா கேக்கும். ம், கீறா, அப்டின்னு நெனச்சுப்பேன். ஆடி மாசம் ஒரு வாரம் கேக்கல."

"அப்ப எனக்குக் காய்ச்சலு."

"வரப்பு வரைக்கும் வந்தேன். கொடியில துணி காயறது தெரிஞ்சுது. திரும்பிட்டேன்."

"உள்ள வந்திருக்கலாமேக்கா." பதரு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தண்ணி குடுக்க ஆளு இல்லாம கெடந்தேன்."

வேண்டா கிண்ணத்தின் அடியில் இருந்த பருக்கையை விரலால் வழித்தாள். "எப்டி வர்றது? நானு ஒண்ணியும் மறக்கல பதரு. இப்பவும் மறக்கல. அந்தப் பொண்ணு அன்னிக்கு இருட்டுல குந்திகினு அயுதா. கல்யாணத்தத் திருப்பி நடத்த முடியாது." மரப்பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "உசுரோட கொத்தறது கேக்குதுன்ன. அதான் வந்தேன்," என்றாள்.

பதரு தலையாட்டினாள்.

மழை விட்டும் கரண்ட் வர ஒரு வாரம்போல ஆயிற்று. தண்ணீர் வடிகிறவரை வேண்டா மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்து பதருவின் வீட்டிலேயே இருந்தாள். தண்ணீர் வடிந்து பாதை தெரிந்த அன்று, வெள்ளைச் சட்டையும் கையில் வாட்சுமாக ஒருவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்தான். திருக்கழுக்குன்றத்துச் சீனு. நூர்முகமது இருக்கிற அதே கேம்ப்பில் பைப் வேலை. லீவில் வந்திருந்தான்.

"புயலுன்னு கேட்டதும் அண்ணிய ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நூரு அண்ணாத்த நல்லாக் கீறாரு. ஜெனரேட்டரு ரூமாண்டயேதான் படுக்கறாரு. எங்களுக்கெல்லாம் அந்தச் சத்தத்துல தூக்கம் வராது. அவரு அது நின்னாத்தான் முயிச்சிப்பாரு." சிரித்தான். வேண்டா அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எப்ப வராராம்?" என்றாள் பதரு.

சீனு தம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இன்னும் ரெண்டு வருசத்துக்கு எயுதிக் குடுத்துட்டாரு அண்ணி. நேர்ல சொல்லச் சொன்னாரு. நீங்க இங்க ஒண்டியா கஷ்டப்பட வோணாமாம். பொட்டி, மிஷினு எல்லாத்தயும் வந்த வெலைக்குத் தள்ளிட்டுச் செங்கல்பட்டுல உங்க அண்ணன் வூட்டுக்குப் பூடச் சொன்னாரு."

பதரு மரப்பெட்டியில் இருந்த உமியைக் கையால் பரப்பிவிட்டாள். சீனு கலகலப்பாக மேலும் சொன்னான்.

"நீங்க ஒரு தபா எயுதியிருந்தீங்களாமே, பக்கத்து வூட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டாங்க, குடுக்கலன்னு. எங்களாண்டப் படிச்சுக் காட்டிச் சிரிச்சாரு. 'அட, வேண்டாக்கா கேட்டா குடுத்திருக்கலாமே, இதுக்குப் போயா இல்லன்னு சொன்னா? நானு இன்னாவோ போற நேரத்துல சொன்னது'ன்னாரு."

அவனுக்குத் தேநீர் கொடுத்தவள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

பதரு மரப்பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. வேண்டாவின் பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை. வேண்டா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. முந்தானையை உதறிக்கொண்டு போய்விடப் போகிறாள் என்று நினைத்தாள்.

"யோவ்," என்றாள் வேண்டா, சீனுவிடம். "அங்க குந்திகினு அவரு சிரிப்பாரு. குடுத்து, அது வெந்து வந்திருந்தா அப்ப இன்னா பேசியிருப்பாரு? போற நேரத்துல சொன்னது அவருக்குச் சும்மா. கேட்டுகினு இங்க ஒக்காந்திருந்தவளுக்கு அதுதானே வார்த்த? தண்ணியில எறங்கி இதத் தூக்கினவ இவ. விக்கச் சொல்றதுக்கு முன்னால இவள ஒரு வார்த்த கேக்கச் சொல்லு."

சீனு தேநீரை அவசரமாகக் குடித்தான். போகும்போது, "அண்ணாத்தகிட்ட இன்னா சொல்லட்டும் அண்ணி?" என்று கேட்டான்.

பதரு யோசித்தாள். "மிஷினு நல்லாக் கீதுன்னு சொல்லு," என்றாள். "விக்கலன்னு சொல்லு."

அவன் போன பிறகு வேண்டா தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மாட்டை அவிழ்த்தாள். முனிசாமி ஆற்றைத் தாண்டி வந்துவிட்டதாகக் காலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். பிய்ந்த கூரையை வேய வேண்டும்.

"இன்னிக்கு ஒரு நாளு இருந்துட்டுப் போயேன்க்கா," என்றாள் பதரு.

"வூடு கெடந்தபடிக் கெடக்குது. அந்த மனுசன் வந்து அடுப்பப் பாப்பாரு."

வாசல்வரை வந்து பதரு நின்றாள். சவுக்குத் தோப்பில் பாதி மரம் இல்லாமல், இத்தனை நாள் மறைந்திருந்த கடல் ஒரு கீற்றாக வெளியே தெரிந்தது. வேண்டா மாட்டைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். பெண்ணழைப்பு நடந்த நாளில் இருந்து குழாயடியில் ஒரு சொல்லும் இல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், வரப்பின் மேல் ஏறியதும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வரேன் பதரு," என்றாள்.